வேகக் காருக்கு எந்த எடையில் பிளைவீல்?

பிளைவீல் என்பது இஞ்சினின் பின்முனையில் சுழன்று அதன் ஓட்டத்தைச் சீராக்கும் கனத்த சக்கரம். அது இலேசானால் இஞ்சின் விரைவாகச் சுழன்றெழும். கிளட்ச் மாற்றுவதற்காகக் கியர்பெட்டியை இறக்கும் நாளே பிளைவீலையும் மாற்ற ஏற்ற நாள். அதே வேலைக்கு மறுபடியும் கூலி கொடுக்க வேண்டியிராது.

தராசு காட்டும் எடையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. சுழலும் பொருள் வேகமாற்றத்துக்குக் காட்டும் தடை ஆரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது என்பதால், மையத்திலிருந்து 14 சென்ரிமீற்றரில் உள்ள ஒரு கிலோ, 7 சென்ரிமீற்றரில் உள்ள ஒரு கிலோவைப் போல 4 மடங்கு தடை தரும். விளிம்பு மெலிந்த 6 கிலோ பிளைவீல், நடுப்பகுதி மட்டும் குடைந்த 5 கிலோ பிளைவீலைவிட விரைவாகச் சுழன்றெழலாம்.

எந்தக் கியரில் அதிகம் ஓடுகிறீர்கள் என்பதே அடுத்த கேள்வி. 28 சென்ரிமீற்றர் விட்டமும் சீரான தடிப்பும் கொண்ட 8 கிலோ பிளைவீலுக்குப் பதிலாக அதே வடிவில் 5 கிலோ பூட்டினால், முழு விகிதம் (சில்லு ஒருமுறை சுழல இஞ்சின் சுழலும் தடவைகள்) 14 ஆகவும் சில்லின் ஆரம் 29 சென்ரிமீற்றராகவும் உள்ள காரில், முதல் கியரில் ஏறத்தாழ 70 கிலோ ஆள் ஒருவர் இறங்கியது போன்ற இலகு கிடைக்கும். முழு விகிதம் 3.6 ஆக இருக்கும் ஐந்தாம் கியரில் அது 5 கிலோவுக்கும் குறைவு. ஏ9 வீதியில் ஆனையிறவு தாண்டி நேராக ஓடுவதற்கு மட்டும் இந்தச் செலவு வீண்.

யாழ்ப்பாணம் சமதரையாதலால் ஏற்றத்தில் கார் நின்றுவிடும் என்ற பயம் இல்லை. ஆயினும் நண்பகல் வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி வீதியில் பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் இடையே ஊர்ந்து போகையில், மிக இலேசான பிளைவீல் இஞ்சினை அடிக்கடி அணையவிடும். தினமும் ஓட்டும் காருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும் என்பது என் முடிவு. பாதியாகக் குறைப்பது ஓட்டப்பந்தயக் காருக்கே பொருந்தும். குடும்பத்தோடு நுவரெலியா ஏறுகிறவர் அதை எண்ணவே வேண்டாம்.

பழைய வார்ப்பிரும்புப் பிளைவீலைக் கடைச்சல் பட்டறையில் சீவி இலேசாக்குவதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். சுழற்சி நிமிடத்துக்கு 3500இலிருந்து 7000 ஆகும்போது உலோகத்தைப் பிய்க்கும் விசை 4 மடங்காகிறது. வார்ப்பிரும்போ இழுவிசைக்கு நொய்மையானது. அது வெடித்தால் துண்டுகள் உறையைப் பிளந்துகொண்டு ஓட்டுபவரின் கால்மாட்டுக்கு வரும். திண்ம உருக்கில் கடைந்ததை வாங்குங்கள். அலுமினியமானால் உராயும் முகத்தில் உருக்குத் தகடு இருக்க வேண்டும். உள்ளே சுருள்வில் கொண்ட இரட்டைப் பிளைவீலை ஒற்றையாக மாற்றினால், சுருள்வில் உள்ள கிளட்ச் தட்டையே போட வேண்டும். அப்போதும் நியூற்றலில் கியர்பெட்டி கலகலக்கலாம்.

பூட்டுமுன் கிளட்சின் அழுத்தத் தட்டோடு சேர்த்துச் சமன் பார்த்து, புதிய போல்ற்றுகளை எதிரெதிரே உள்ளவையாக மாறி மாறி முறுக்குங்கள். இஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் பின்பக்க ஒயில் சீலை விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்றே மாற்றுங்கள், ஏனெனில் அங்கிருந்து கசியும் ஒயில் புதிய கிளட்சை வழுக்கவைக்கும்.