மூடிய ஆலைகளின் நகரில் தொழில்நுட்பப் பொருளாதாரத்தை எல்லோருக்குமாக அமைப்பது எப்படி?

நிறுவனங்களை அழைப்பதற்கு முன் நிலத்தின் உரிமையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில், ஒரே ஆற்றின் கரைகளில் இருந்த இரண்டு ஆலை நிலங்களை ஒப்பிட்டாலே இதன் காரணம் விளங்கும். 1986-இல் மூடப்பட்ட ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையின் இடத்தில் இன்று கடைகளும் திரையரங்கும் உள்ளன. 12 புகைபோக்கிகள் மட்டும் அடையாளமாக விடப்பட்டுள்ளன. ஹேசல்வுட் பகுதியில் 1998-இல் மூடப்பட்ட ஆலையின் 178 ஏக்கரையோ 2002-இல் அறக்கட்டளைகள் சேர்ந்து வாங்கி, அவசரப்பட்டு விற்காமல் வைத்திருந்தன. அங்கே கால் மைல் நீளமுள்ள பழைய கட்டடமொன்றின் இரும்புச் சட்டகத்தை அப்படியே நிறுத்தி, அதற்குள் புதிய ஆய்வுக் கூடங்களை எழுப்பி, மேலே சூரிய மின்தகடுகளைப் பரப்பி 2019-இல் திறந்தார்கள். இவ்வளவு காலம் காத்திருக்க அறக்கட்டளையால் முடியும். அடுத்த தேர்தலுக்குள் திறப்பு விழா நடத்த விரும்பும் நகராட்சியால் முடிவது கடினம். அத்தகைய அறக்கட்டளைகள் இல்லாத ஊரில் நிலத்தை விற்காமல் நீண்டகாலக் குத்தகைக்கு விடுவதும், உள்ளூர் வேலைவாய்ப்பு, வீட்டு வசதி ஆகிய நிபந்தனைகளைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவதும் நல்லது.

அடுத்து, ஊரில் ஏற்கெனவே உள்ள அறிவு வளத்தைக் கணக்கெடுக்க வேண்டும். எஃகுத் தொழில் சரிந்த 1980-களில் பிட்ஸ்பர்க்குக் கைகொடுத்தவற்றுள் ஒன்று, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1979-லேயே தொடங்கப்பட்டிருந்த ரோபாட்டிக்ஸ் ஆய்வு மையம். ஒரே நிறுவனத்தை நம்புவதும் ஆபத்து. அந்நகரில் ஓட்டுநரில்லாக் கார்களை உருவாக்கிவந்த ஆர்கோ ஏஐ 2022-இல் மூடப்பட்டது.

ஏற்கெனவே குடியிருப்பவர்கள் வீட்டை இழக்காமல் காப்பதில்தான் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குகின்றன. பிட்ஸ்பர்க்கின் ஈஸ்ட் லிபர்ட்டி பகுதியை ஒட்டி, பழைய நாபிஸ்கோ பிஸ்கட் ஆலைக்குள் கூகுள் அலுவலகம் வந்தது. ஈஸ்ட் லிபர்ட்டியிலிருந்த பென் பிளாசா குடியிருப்பில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு 2015-இல் 90 நாள் அவகாசத்தில் வெளியேறச் சொல்லி அறிவிப்பு தரப்பட்டது. இருபது அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட புதிய கட்டடங்களில் பத்து விழுக்காட்டைக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு எட்டும் விலையில் ஒதுக்க வேண்டும் என்ற விதியை நகரம் 2019-இல்தான், அதுவும் லாரன்ஸ்வில் என்ற வேறொரு பகுதியில், சோதனையாகக் கொண்டுவந்தது. இந்த விதி வாடகை ஏறத் தொடங்கும் முன் வரவேண்டும். ஏறிய பிறகு வருவது, போனவர்களைத் திருப்பி அழைக்காது.

வேலைக்கான பயிற்சியில் முனைவர் பட்டதாரிகளை மட்டும் கருதக் கூடாது. ரோபோக்களைப் பொருத்தவும், பழுது நீக்கவும், உணரிகளை (சென்சார்களை) சீரமைக்கவும் ஓரிரு ஆண்டுச் சான்றிதழ்ப் படிப்பு போதும். அதைச் சமுதாயக் கல்லூரிகளில் மாலை நேரத்தில், பேருந்து செல்லும் இடத்தில் நடத்தினால்தான் ஏற்கெனவே வேலை செய்பவர் வந்து படிப்பார்.

கடைசியாக, சராசரி வருமானத்தைக் கொண்டு வெற்றியை அளக்க வேண்டாம். "வாழத் தகுந்த நகரம்" என்று பலமுறை புகழப்பட்ட பிட்ஸ்பர்க்கில், கறுப்பினப் பெண்களின் வறுமையும் உடல்நலமும் ஒப்பிடத்தக்க பெரும்பாலான அமெரிக்க நகரங்களைவிட மோசமாக இருப்பதை நகர நிர்வாகத்தின் பாலினச் சமத்துவ ஆணையம் வெளியிட்ட 2019 அறிக்கை காட்டியது. ஆகவே இனம், பாலினம், வட்டாரம் எனப் பிரித்து வேலை, கூலி, வாடகை விவரங்களைத் திட்டம் தொடங்கும் முன்பே எடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்து ஆண்டுகள் கழித்து ஒப்பிட எதுவும் இருக்காது.