ஜெர்மனியில் முதுகலை: சேர்க்கைக் கடிதம் வந்த நாளிலிருந்து முதல் தேர்வு வரை

சேர்க்கைக் கடிதம் மெயிலில் வந்ததும் வீட்டில் இனிப்பு வாங்குகிறார்கள், வாங்கட்டும். ஆனால் அந்தக் கடிதத்தோடு நீங்கள் மாணவராகிவிடவில்லை. அது உங்களுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருப்பதற்கான அறிவிப்பு. பல்கலைக்கழகத்தின் ஏட்டில் உங்கள் பெயர் ஏறுவதற்கு இம்மாட்ரிகுலேஷன் என்று தனி நடைமுறை இருக்கிறது, அதற்குத் தனிக் கெடு தேதியும் உண்டு. கடிதத்தின் இரண்டாம், மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அந்தத் தேதியை முதலில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

விசாவுக்கு முன், உங்கள் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று உறுதி செய்யும் ஏபிஎஸ் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு இது கட்டாயம். அடுத்தது பிளாக்டு அக்கவுண்ட். ஆண்டுக்கு 11,904 யூரோ போட்டு வைத்தால் மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்குத் திரும்பி வரும். இது 2024 செப்டம்பரிலிருந்து இருக்கும் தொகை. விண்ணப்பிக்கும் வாரத்தில் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். இந்தப் பணம் ஜெர்மனிக்குப் போன மறுநாளே கைக்கு வராது. முதலில் அங்கே ஒரு வங்கிக் கணக்கு திறக்க வேண்டும், அதன் எண்ணைக் கொடுத்த பிறகுதான் மாதத் தொகை வரும். பிளாக்டு அக்கவுண்ட் நடத்தும் சில நிறுவனங்கள் முகவரிப் பதிவுச் சான்றும் கேட்கும். அதனால் முதல் ஆறு வாரத்துக்கு வாடகை, முன்பணம், சாப்பாடு எல்லாவற்றுக்குமான பணத்தை ஃபோரெக்ஸ் கார்டில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் பெரும்பாலும் முதல் மாதமே கடன் வாங்குகிறார்கள்.

செமஸ்டர் கட்டணம் அனுப்பும்போது

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து தனிக் கட்டணம் வாங்குகிறது. இவை போக எல்லோரும் கட்ட வேண்டியது செமஸ்டர் கட்டணம். இடத்தைப் பொறுத்து நூறு யூரோவிலிருந்து நானூறு வரை போகும். பல ஊர்களில் பஸ், ரயில் பயணச்சீட்டும் இதிலேயே அடங்கும்.

இதை இந்தியாவிலிருந்து அனுப்பும்போது ஒரு சிக்கல் வரும். நடுவில் உள்ள வங்கிகள் தங்கள் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பும். 320 யூரோ கட்ட வேண்டிய இடத்தில் 305 போய்ச் சேர்ந்தால், அங்குள்ள கணினிக்கு அது கட்டாத கணக்குதான். பதிவு அப்படியே நிற்கும், யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். எனவே எல்லா வங்கிக் கட்டணமும் அனுப்புபவருடையது என்ற விருப்பத்தைப் படிவத்தில் தேர்ந்தெடுங்கள். குறிப்புப் பகுதியில் அவர்கள் கொடுத்த எண்ணை ஓர் எழுத்து பிசகாமல் போடுங்கள். அப்பாவின் கணக்கிலிருந்து பணம் போகிறது என்றால், அந்த எண்ணை வைத்துத்தான் அது உங்கள் பணம் என்றே அவர்களுக்குத் தெரியும்.

காப்பீடு

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். விசாவுக்காக வாங்கும் பயணக் காப்பீட்டை வைத்துப் பல்கலைக்கழகத்தில் பதிய முடியாது. 30 வயதுக்கு உட்பட்டவர்கள் அரசு முறையிலான மருத்துவக் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேரலாம். மாதம் ஏறத்தாழ 140 முதல் 160 யூரோ. வயது 23 தாண்டி, குழந்தை இல்லாதவர்களுக்குச் சற்றுக் கூடும். சேர்ந்ததும் எந்தப் பல்கலைக்கழகம் என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லுங்கள். அவர்கள் எம்-10 என்ற செய்தியைக் கணினி வழியாகப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்புவார்கள். அந்தச் செய்தி போகாவிட்டால் பதிவு நடக்காது. நீங்கள் பிடிஎஃப் இணைத்து எத்தனை மெயில் போட்டாலும் பயனில்லை.

மாதம் 30, 40 யூரோவுக்குத் தனியார் காப்பீடு இருக்கிறதே என்று ஏஜெண்டுகள் ஆசை காட்டுவார்கள். அதற்குப் போக வேண்டுமானால் அரசு முறையிலிருந்து விலக்கு வாங்க வேண்டும். அந்த விலக்கு படிப்பு முடியும் வரை மாறாது, நடுவில் மனம் மாறித் திரும்பி வர முடியாது. பல் வலியோ மன அழுத்தமோ வந்து செலவு எகிறும்போது அந்த மலிவின் விலை தெரியும். முப்பதுக்குக் கீழே இருப்பவர்கள் அரசு முறையிலேயே சேருங்கள் என்பதுதான் எங்கள் உறுதியான கருத்து. பயணக் காப்பீடும் தேவைதான். விமானம் ஏறும் நாளிலிருந்து மாணவர் காப்பீடு தொடங்கும் நாள் வரை இடைவெளி விழாமல் அது இருக்க வேண்டும்.

வீடு: எல்லாம் முகவரியிலிருந்துதான்

ஜெர்மனியில் மற்ற எல்லாக் காகிதமும் முகவரியைப் பிடித்துக்கொண்டுதான் வரும். முகவரிப் பதிவு இருந்தால்தான் வரி எண், வரி எண் இருந்தால்தான் பகுதி நேர வேலையில் சம்பளம் ஒழுங்காக வரும். குடியிருப்பு அனுமதிக்கும் அதே பதிவுதான் அடிப்படை. ஆகவே அறை தேடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை அல்ல, “அன்மெல்டுங் (முகவரிப் பதிவு) செய்ய முடியுமா?” என்பதுதான். பயணிகள் தங்கும் ஹாஸ்டல், ஹோட்டல், பல குறுகிய கால வாடகை அறைகளில் முடியாது. மாதம் 50 யூரோ குறைவு என்று அங்கே போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஸ்டுடீரெண்டென்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு நடத்தும் மாணவர் விடுதிதான் எங்கும் மலிவு. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். மியூனிக், ஸ்டுட்கார்ட் போன்ற ஊர்களில் காத்திருப்புப் பட்டியல் பல மாதம் நீளும். வெளியே தேடினால் வாடகையில் இரண்டு கணக்கு இருப்பதைக் கவனியுங்கள். கால்ட்மீட்டே என்பது வெறும் வாடகை. வார்ம்மீட்டே என்பது ஹீட்டிங், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்தது. மின்சாரம் பல நேரம் இரண்டிலும் வராது. முன்பணம் சட்டப்படி மூன்று மாத கால்ட்மீட்டேவுக்கு மேல் போகக் கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு.

“நான் இப்போது லண்டனில் இருக்கிறேன், பணம் போடுங்கள், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்” என்று வீட்டுக்காரர் எழுதினால் அது மோசடி. பாஸ்போர்ட் நகல் காட்டினாலும் மோசடிதான், அது வேறு யாரிடமோ ஏமாற்றி வாங்கிய நகலாக இருக்கும். அறையை நேரிலோ, நம்பகமான நண்பர் மூலமோ பார்க்காமல் ஒரு யூரோ கூட அனுப்பாதீர்கள். சாவி வாங்கும் நாளில் சுவரில் உள்ள கீறல், கறை, உடைந்த கைப்பிடி எல்லாவற்றையும் படம் எடுத்து, ஒப்படைப்புக் குறிப்பில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். போகும்போது முன்பணம் முழுசாகத் திரும்பி வர இந்தக் காகிதம்தான் உதவும்.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். பாஸ்போர்ட், நிரப்பிய படிவம், நீங்கள் குடிவந்ததை உறுதி செய்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம் மூன்றும் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அந்தக் கடிதம் வேறு. பெர்லின் போன்ற நகரங்களில் இரண்டு வாரத்துக்குள் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கடினம். காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்தில் ரத்தான இடங்கள் தளத்தில் வரும், அப்போது பாருங்கள். கிடைத்த தேதியின் உறுதி மெயிலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

படிவத்தில் மதம் என்றொரு கட்டம் வரும். கத்தோலிக்கர் அல்லது எவாங்கெலிஷ் (புராட்டஸ்டன்ட்) என்று பதிந்தால், பிறகு வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்கும்போது அந்த வரியின்மேல் 8 அல்லது 9 சதவீதம் தேவாலய வரி பிடிப்பார்கள். பொய் எழுதச் சொல்லவில்லை. நம் ஊர்க் கிறிஸ்தவ மாணவர்கள் விஷயம் தெரிந்துகொண்டு எழுத வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

இனிஷியல் சிக்கல்

தமிழ் மாணவர்களுக்கென்றே உள்ள தொல்லை இது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருக்கும். ஜெர்மன் கணினியில் அது காலியாக இருக்க முடியாது. உங்கள் ஒரே பெயரை ஒரு அலுவலகம் குடும்பப் பெயராக எழுதும், இன்னொன்று அதையே இரண்டு முறை எழுதும், மற்றொன்று முதல் பெயர் இடத்தில் கோடு போடும். காப்பீட்டில் ஒரு விதம், பல்கலைக்கழகத்தில் ஒரு விதம் என்றானால் எம்-10 செய்தி உங்களோடு பொருந்தாமல் தொங்கும். பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இயந்திர எழுத்து வரியில் பெயர் எப்படி இருக்கிறதோ, அதையே எல்லா இடத்திலும் கொடுங்கள். இனிஷியலைச் சில இடத்தில் விரித்தும் சில இடத்தில் சுருக்கியும் எழுதாதீர்கள்.

அதே பெயரை ஒரு துண்டுச் சீட்டில் அச்சிட்டு, குடிபோன அன்றே தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். அங்கே பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியின் மேல் உள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். பெயர் இல்லாவிட்டால் வங்கி அட்டை, அதன் ரகசிய எண், வரி எண், காப்பீட்டு அட்டை எல்லாம் வந்த வழியே திரும்பிப் போகும். பகிர்ந்த வீடாக இருந்தால் மற்றவர்கள் பெயரோடு உங்கள் பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும்.

முகவரி பதிந்த சில வாரத்தில் ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வரும். டிவி இல்லை என்று குப்பையில் போடாதீர்கள், அது குடியிருப்புக்கானது. மாதம் 18.36 யூரோ, பகிர்ந்த வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். மற்றவர்கள் அவருடைய எண்ணைக் கொடுத்துப் பதில் எழுதிவிட வேண்டும். பதிலே போடாமல் விட்டால் நிலுவை ஏறிக்கொண்டே போகும்.

விசா காலாவதிக்கு முன்

விசா தீரும் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். தேதிக்கு ஒரு நாள் முன்பாகக் கொடுத்திருந்தால்கூட முடிவு வரும் வரை நீங்கள் சட்டப்படி அங்கே இருக்கலாம். ஒரு நாள் தாண்டினால் கதை வேறு. இரண்டு, மூன்று மாதம் முன்பே தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். கையில் வாங்கும் இடைக்காலச் சான்றை வைத்துக்கொண்டு தீபாவளிக்கு ஊருக்கு வர டிக்கெட் போடும் முன், அதில் எந்தக் கட்டத்தில் குறி இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். எல்லா வகைச் சான்றோடும் வெளியே போய்த் திரும்பி வர முடியாது.

வேலைக்கு ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வரை அனுமதி. பல்கலைக்கழகத்திலேயே செய்யும் உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் வராது, கிடைத்தால் அதையே பிடியுங்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டினால் மாணவர் காப்பீட்டுச் சலுகை போகும். சுயதொழிலாகப் பில் போட்டுச் செய்யும் டெலிவரி வேலைக்குத் தனி அனுமதி வேண்டும். கேட்காமல் செய்தால் அடுத்த புதுப்பிப்பில் பிரச்சினை வரும்.

சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டாம். பெரிய ஊர்களில் ஈழத்தமிழர் நடத்தும் கடைகளில் பொன்னி அரிசியும் கறிவேப்பிலையும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

தேர்வு

நம் ஊரில் வகுப்பில் சேர்ந்தால் தேர்வு எழுதத் தானாகப் பெயர் வரும் என்று பழகியிருப்போம். அங்கே ஒவ்வொரு தேர்வுக்கும் நீங்களே இணையத்தில் பதிய வேண்டும். அதற்கான நாட்கள் செமஸ்டரின் நடுவிலேயே முடிந்துவிடலாம். பதியாதவரை அறைக்குள் விட மாட்டார்கள். பதிந்துவிட்டு, கெடுவுக்குள் விலகாமல், போகாமலும் இருந்தால் தோல்வி என்றே குறிப்பார்கள். உடம்பு சரியில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் சான்று வாங்கித் தேர்வு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

அரியர் வைத்து மெல்ல எழுதிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் அங்கே செல்லாது. பல இடங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று முயற்சிதான். மூன்றாவதிலும் தோற்றால் அந்தப் படிப்பிலிருந்தே நீக்குவார்கள், அதே படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாமல் போகும். உங்கள் துறையின் தேர்வு விதிகளை முதல் வாரத்திலேயே படித்து, எத்தனை முயற்சி, விலகக் கடைசி நாள் எது என்று எழுதி வையுங்கள். இதோடு அடுத்த செமஸ்டருக்கான மறுபதிவுக் கட்டணத் தேதியையும் சேர்த்துக் குறியுங்கள். குளிர்கால செமஸ்டர் முடிவதற்குள்ளேயே அந்தக் கெடு வந்துவிடும். நினைவூட்டல் மெயில் உங்கள் ஜிமெயிலுக்கு வராது, பல்கலைக்கழகம் கொடுத்த முகவரிக்குத்தான் வரும். அதைப் போனில் சேர்த்துத் தினமும் பாருங்கள்.