மார்பக இம்ப்ளான்ட் எடுத்த பிறகு வீட்டில் யார் துணை, எதற்கு, எத்தனை நாள்?

மார்பகத்துக்குள் வைத்திருந்த செயற்கைப் பையை, அதாவது இம்ப்ளான்டை, எடுத்துவிட்டு வீடு திரும்புகிறவர்களை வலியைவிட அதிகம் திணறடிப்பது கைகள்தான். விரல் அசையும், முழங்கை மடங்கும், பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் கையை ஊன்றி எழ முடியாது, கனமான கதவை இழுக்க முடியாது, மேல் அலமாரிக்குக் கை எட்டினாலும் எட்டக் கூடாது. தள்ளுவது, இழுப்பது, தூக்குவது எல்லாவற்றிலும் நெஞ்சுத் தசை வேலை செய்கிறது. இம்ப்ளான்ட் தசைக்கு அடியில் இருந்திருந்தால் அந்தத் தசையையே விலக்கித்தான் எடுத்திருப்பார்கள். தசைக்கு மேலே இருந்தாலும், அதைச் சுற்றி வளர்ந்த காப்ஸ்யூல் உறையை உரித்திருந்தால் உள்ளே பெரிய பச்சைப் புண் பரப்பு இருக்கிறது. முக்கித் தூக்கினால் அங்கே மூடிக்கொண்ட நுண்ணிய ரத்தக் குழாய் திறந்து ரத்தம் தேங்கலாம், அல்லது நீர் கோத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு துணை வேண்டும் என்பது அறுவையின் அளவைப் பொறுத்தது. ஆகவே முன்கூட்டியே சர்ஜனிடம் கேளுங்கள்: காப்ஸ்யூலை முழுதாக எடுக்கிறீர்களா? உள்ளே சேரும் திரவத்தை வெளியேற்றும் டிரெய்ன் குழாய் வைப்பீர்களா? மார்பகத்தைத் தூக்கித் தைக்கும் அறுவையும் சேர்ந்து நடக்குமா? இம்ப்ளான்டை மட்டும் எடுத்தால் இரண்டு மூன்று நாள் துணையோடு பலர் சமாளித்துவிடுகிறார்கள். காப்ஸ்யூலும் தையலும் சேர்ந்தால் இரண்டு வாரத்துக்குத் திட்டமிடுங்கள். இங்கே சொல்வதற்கும் உங்கள் சர்ஜன் சொல்வதற்கும் வேறுபாடு இருந்தால் அவர் சொல்வதே சரி.

பொதுவாக, முழு மயக்க மருந்து கொடுத்திருந்தால் முதல் 24 மணி நேரம் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், இரவிலும் கூப்பிட்ட குரல் கேட்கும் தூரத்தில். அதை 48 மணி நேரமாக வைத்துக்கொள்வது நல்லது. ரத்தம் தேங்கும் அபாயம் இந்த நேரத்தில்தான் அதிகம். ஒரு வாரம் வரை காலையும் மாலையும் சில மணி நேரம் ஆள் வேண்டும். அதற்குப் பிறகு ஆறாவது வாரம் வரை, கனமான வேலைகளுக்கு மட்டும். சிக்கல் பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில்தான் வருகிறது. வலி குறைந்துவிடும், துணைக்கு வந்தவர் கிளம்பிவிடுவார், வாளித் தண்ணீரைத் தானே தூக்கினால் என்ன என்று தோன்றும். உள்ளே ஆறியிருக்காது. துணையைக் கேட்கும்போதே இந்த நாட்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்கிறவர்கள் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் வலியோடு படுத்திருக்கும்போது யாரையும் கூப்பிட மனம் வராது. அறுவைக்கு முன்பே வேலையும் நாளும் நேரமுமாகக் கேட்டுவிடுங்கள்: "செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு வந்து துணி துவைத்துக் காயப்போட முடியுமா?" டிரெய்னைப் பார்ப்பது, குளிக்க உதவுவது போன்றவற்றை உடம்பைக் காட்டக் கூச்சமில்லாத ஒருவரிடமே விடுங்கள். ரத்தம் பார்த்தால் தலைசுற்றுகிறவருக்குச் சமையலைக் கொடுங்கள்.

அறுவைக்கு முந்தைய வாரம்

அன்றாடம் எடுப்பதையெல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே இறக்கி வையுங்கள். இறுகிய மூடிகளைத் தளர்த்தி வையுங்கள். தண்ணீரைச் சிறு பாட்டில்களில் நிரப்புங்கள். ஒன்றே முக்கால் லிட்டர் கெட்டிலில் நிறையத் தண்ணீர் பிடித்தால் கெட்டிலோடு சேர்த்து இரண்டரைக் கிலோவைத் தாண்டும், முதல் வாரங்களில் பலருக்கும் அனுமதிப்பதே இரண்டு முதல் நான்கு கிலோதான். முன்பக்கம் திறக்கும் சட்டைகள், முன்பக்கம் கொக்கி உள்ள பிரா, நான்கைந்து தலையணைகள். மருந்துகளை முன்பே வாங்கிவிடுங்கள்.

படுக்கையிலிருந்து எழுப்புவது

துணைக்கு வருகிறவர்கள் அன்பால் செய்யும் முதல் தவறு, கையைப் பிடித்து இழுத்து எழுப்புவது. அந்த இழுப்பு நேராகத் தையலுக்குப் போகும். சரியான முறை இது. நோயாளி மல்லாந்து, மேலுடம்பு 30 முதல் 45 டிகிரி உயர்ந்தபடி சாய்ந்திருப்பார். முழங்காலை மடக்கி, கால்களைக் கட்டிலின் ஓரத்துக்குக் கொண்டுவந்து தொங்கவிடட்டும். துணை ஒரு கையைத் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே முதுகில் வைத்து மெல்ல முன்னால் தாங்க வேண்டும். நோயாளி முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளட்டும். உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் பொறுங்கள்; தலைசுற்றல் இல்லையென்றால் கையை ஊன்றாமல் தொடை பலத்தில் எழுந்து நிற்கலாம். விழித்திருக்கும்போது ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குள் நடக்க வேண்டும், காலில் ரத்தம் உறையாமல் இருக்க.

டிரெய்ன்

குழாயின் வெளி முனையில் திரவம் சேரும் மெத்தென்ற குமிழ்தான் பல்ப். காலை ஒருமுறை, இரவு ஒருமுறை அதைக் காலி செய்ய வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, குழாய் தோலுக்குள் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கையால் அசையாமல் பிடியுங்கள். இன்னொரு கை விரல்களால் குழாயைப் பல்பை நோக்கி வழித்துவிடுங்கள். பிடிக்காமல் வழித்தால் குழாயைக் கட்டியிருக்கும் தையல் இழுபடும். மூடியைத் திறந்து அளவுக் கோப்பையில் ஊற்றி, எத்தனை மில்லி என்று எழுதுங்கள், இடது தனியாக, வலது தனியாக. பிறகு பல்பை நன்றாக அமுக்கி, அமுக்கியபடியே மூடுங்கள். கையை எடுத்துவிட்டு மூடினால் பல்ப் உப்பிவிடும், உறிஞ்சும் விசை போய்விடும், திரவம் உள்ளேயே தங்கும். மூடிய பல்ப் ஒடுங்கி இருக்க வேண்டும். சிறிது நேரத்தில் காற்றடைத்து உப்பினால் எங்கோ கசிவு, மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

நிறம் சிவப்பில் தொடங்கி, இளஞ்சிவப்பாகி, வெளிர் மஞ்சளாக மாறும். ஒரு பக்கத்துக்கு 24 மணி நேரத்தில் சுமார் 30 மில்லிக்குக் கீழே இரண்டு நாள் இருந்தால் பெரும்பாலான சர்ஜன்கள் குழாயை எடுத்துவிடுவார்கள். எழுதி வைக்காவிட்டால் அதைத் தீர்மானிக்க வழியில்லை. பல்பைத் தொங்கவிடாதீர்கள், ஆடையில் ஊக்கு குத்தி மாட்டுங்கள். தொங்கினால் எழும்போது நாற்காலிக் கைப்பிடியில் சிக்கும்.

மாத்திரையும் குளியலும்

மாத்திரை நேரத்தைத் துணையே தாளில் குறிக்கட்டும். மயக்கத்தில் இருப்பவருக்குச் சாப்பிட்டோமா என்பது நினைவிருக்காது. பாரசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. கூட்டு மாத்திரைகளிலும் அது இருக்கும் என்பதால் அட்டையைப் படித்துக் கூட்டிப் பாருங்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் சர்ஜன் சொன்னால் மட்டும். வீரியமான வலி மாத்திரைகள் மலச்சிக்கலைத் தரும், முக்குவது நெஞ்சுக்குள் அழுத்தத்தைக் கூட்டும். ஆகவே மலமிளக்கியை முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

இறுக்கமான பிராவை முதன்முறை கழற்றும்போது சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். உட்கார வைத்தே கழற்றுங்கள், குளியலறையில் நாற்காலி போடுங்கள், தாழ்ப்பாள் வேண்டாம். அன்று மார்பு சுருங்கித் துவண்டு தெரியும். வடிவம் படிய மாதங்கள் ஆகும். கூட இருப்பவர் அப்போது கருத்து எதுவும் சொல்ல வேண்டாம். நோயாளி அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள். தோல் மரத்திருப்பதால் சூடோ ஐஸோ நேராக வைக்காதீர்கள், புண்ணானால் அவருக்குத் தெரியாது.

குழந்தைகள்

பத்துக் கிலோ குழந்தையை நான்கு முதல் ஆறு வாரம் தூக்கக் கூடாது. குழந்தைக்கு அது புரியாது, ஓடிவந்து தாவும். நீங்கள் சோபாவில் உட்கார்ந்து நெஞ்சின் குறுக்கே தலையணை வைத்துக்கொள்ளுங்கள், இன்னொருவர் தூக்கிப் பக்கத்தில் உட்கார வைக்கட்டும். தொட்டிலில் இருந்து எடுப்பதும் குளிப்பாட்டுவதும் அந்த வாரங்களுக்கு வேறொருவர் வேலை.

உடனே போன் செய்ய வேண்டியவை

ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பெருத்து, கெட்டியாகி, வலி ஏறினால் ரத்தம் தேங்குகிறது என்று எண்ணி இரவானாலும் கூப்பிடுங்கள். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், துர்நாற்றம், திரவம் மறுபடி அடர் சிவப்பாவது எல்லாம் அதே நாளில் சொல்ல வேண்டியவை. ஒரு கால் வீங்கி ஆடுசதை வலித்தாலும் அன்றே. மூச்சுத் திணறினாலோ மூச்சிழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ சர்ஜனைத் தேடிக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

தனியாக வசிப்பவர்கள் முதல் இரண்டு இரவுக்காவது ஒருவரை வீட்டில் தங்க வையுங்கள். பிறகு தினமும் காலை, இரவு குறிப்பிட்ட நேரத்தில் போன் பேச ஒருவரை ஏற்பாடு செய்து, நீங்கள் எடுக்காவிட்டால் நேரில் வர வீட்டுச் சாவியை அவரிடமே கொடுத்து வையுங்கள்.