கழிவுநீர்ச் சேற்றில் கரி எடுக்கலாம்

சாயம் போன்ற அழுக்கைத் தன் நுண்துளைகளில் பிடித்துக்கொள்ளும் கரியைச் செய்ய, நாகர்கோவிலில் கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது. சுத்திகரிப்பு நிலையச் சேற்றை 105 டிகிரி அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்துங்கள். ஐப்பசி மழையில் நம்மூர் வெயிலை நம்ப முடியாது. பொடித்துச் சலித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற கடுமையான காரத்தின் கரைசலில் ஊறவைத்து, மறுபடி உலர்த்துங்கள். கையுறை கட்டாயம், பாதுகாப்புக் கண்ணாடியும்தான். நைட்ரஜன் ஓடும் உலையில் 600–700 டிகிரி, ஒரு மணி நேரம். காற்று புகுந்தால் சாம்பல்தான் மிஞ்சும்.

கழுவும்போதுதான் பொறுமை வேண்டும். சேற்றில் தாதுக்கள் அதிகம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் அவற்றில் ஒரு பகுதியைக் கரைத்து, அடைபட்ட துளைகளைத் திறந்துவிடும். வடியும் நீர் பி.எச். 7-க்கு, அதாவது அமிலமும் காரமும் இல்லாத நிலைக்கு வரும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். மெத்திலீன் நீலம் என்ற சாயத்தின் கரைசலில் போட்டுக் குலுக்கினால் நிறம் வெளுப்பது கண்ணுக்கே தெரியும்.

சாயக்கழிவுக்கு இது நல்ல கரி. சேற்றில் ஈயமும் காட்மியமும் இருக்கக்கூடும் என்பதால், குடிநீருக்கு சிரட்டைக் கரியையே எடுங்கள்.