ஊரோடு சேர்ந்து ஆய்வு: அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொள்வது எப்படி?

நொய்யல் ஆற்றங்கரையில் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி ஆய்வு செய்யப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியதைக் கண்ணால் கண்டவர்கள் அந்தக் கரை விவசாயிகள். வழக்கும் நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்களுக்குப் பாடம் சொல்லும் நினைப்போடு போகாதீர்கள்.

முதல் படி: கேள்வித்தாளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நமக்கு உப்பின் அளவு வேண்டும். அவர்களுக்கோ, "இந்தத் தண்ணிய மாட்டுக்குக் காட்டலாமுங்களா? தென்னைக்கு விடலாமுங்களா?" என்பதுதான் கேள்வி. அதையே ஆய்வுக்கும் கேள்வியாக வையுங்கள்.

இரண்டாவது, கூட்டம் போடும் இடம். புதிதாக வருபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். பெரிய தோட்டத்து வாசலில் கூட்டம் போட்டால், அருந்ததியர் தெருக்காரர்கள் வர மாட்டார்கள். வந்தாலும் ஓரமாக நின்றுவிட்டுப் போவார்கள். அப்புறம் "ஊர் சொன்னது" என்று நீங்கள் எழுதுவது நாலு தோட்டக்காரர்கள் சொன்னதுதான். அந்தத் தெருவுக்குத் தனியாகப் போய் உட்காருங்கள். ஆய்வுக் குழுவில் அவர்களுக்கும் பெண்களுக்கும் இடம் வேண்டும், முடிவெடுக்கும் உரிமையோடு. பால் கறக்கும் நேரத்திலும் சந்தை நாளிலும் கூட்டம் வேண்டாம்.

மூன்றாவது, பணம். மொத்த நிதி எவ்வளவு, யாருக்கு எவ்வளவு என்று கூட்டத்திலேயே படித்துக் காட்டுங்கள். ஒருவர் ஒரு நாள் உங்களோடு அலைந்தால் அன்றைய கூலி அவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

நான்காவது, ஒப்பந்தம். தமிழில், ஒரே பக்கத்தில் போதும். தகவல் யாருடையது, வேறு ஆய்வுக்கு எடுக்கலாமா, நடுவில் விலகலாமா என்பது அதில் இருக்கட்டும். அமெரிக்காவில் ஹவசுபாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வுக்கென்று கொடுத்த ரத்தம், அவர்களைக் கேட்காமலே மனநோய் ஆய்வு வரை போனது. 2010இல்தான் ஆய்வு நடத்திய அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மீதி மாதிரிகளையும் திருப்பித் தந்தது.

அளக்கும்போது டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கருவி) ஊர்க்காரர் கையில் கொடுங்கள். நோட்டில் கார்பன் தாள் வைத்து எழுதினால் ஒரு பிரதி உங்களுக்கு, ஒன்று கிணற்றுக்காரருக்கு. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை என்ற இந்தியத் தர அளவை நோட்டின் அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.

முடிவுகளை முதலில் ஊரில் படியுங்கள். "என் கெணறுன்னு தெரிஞ்சா நாளைக்கு நெலம் வெல போகாதுங்க" என்று ஒருவர் சொன்னால் பெயரை எடுத்துவிட்டு எண் போடுங்கள். ஆனால் அளவை மாற்றச் சொன்னால் மாற்றக் கூடாது. இதையும் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.