எனக்குத் தண்ணி காட்டிய 1985-ஆம் வருட ஆசாமி

மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு நாள், லாஸ்பேட்டையிலிருந்து அக்கா மகன் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தான். கம்ப்யூட்டருக்குள் ஆட்களைக் குடிவைத்து வளர்க்கும் சிம்ஸ் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தவனிடம், "இதுக்குத் தாத்தா ஒருத்தர் இருக்காருடா" என்று வாயை விட்டுவிட்டேன். காட்டச் சொல்லி உயிரை எடுத்தான். காட்ட எனக்கு இரண்டு ராத்திரி ஆனது. உங்களுக்கு அரை மணி நேரம் போதும், அதற்குத்தான் இது.

தாத்தாவின் பெயர் லிட்டில் கம்ப்யூட்டர் பீப்பிள். 1985-இல் ஆக்டிவிஷன் வெளியிட்டது. பிட்ஃபால் என்ற விளையாட்டைச் செய்த டேவிட் கிரேன் வடிவமைத்தார். மூல யோசனை ரிச் கோல்டுடையது. திரையில் மூன்று தளம் கொண்ட ஒரு வீடு, முன்சுவரைப் பெயர்த்து எடுத்த மாதிரி உள்ளே எல்லாம் தெரியும். அதில் ஓர் ஆளும் அவன் நாயும் குடியிருப்பார்கள். ஜெயிப்பது, தோற்பது, மதிப்பெண் எதுவும் கிடையாது.

கமடோர் 64 என்ற எண்பதுகளின் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்த பதிப்பைத்தான் நான் ஓட்டினேன். அதற்கு வைஸ் (VICE) என்ற இலவச எமுலேட்டர் போதும், அதாவது நம் கம்ப்யூட்டரை அந்தப் பழைய கம்ப்யூட்டராக நடிக்க வைக்கும் நிரல். இறக்கிப் பிரித்தால் உள்ளே ஏகப்பட்ட நிரல்கள் இருக்கும். எக்ஸ்64எஸ்சி என்பதை மட்டும் தொடுங்கள். பிரவுசருக்குள்ளேயே ஓட்டும் வசதியும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. ஜன்னலை மூடினால் நம் ஆள் போன இடம் தெரியாது.

அடுத்து டிஸ்க் படிமம், அதாவது பழைய ஃபிளாப்பி டிஸ்கை அப்படியே நகலெடுத்த டி64 (D64) கோப்பு. கேசட் பதிப்பு வேண்டவே வேண்டாம். அதில் ஒவ்வொரு முறையும் புது ஆள் முளைப்பான், நேற்று நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில் இருக்காது, சீட்டாட்டமும் கிடையாது. டிஸ்கில்தான் அவன் குணமும் ஞாபகமும் பதிந்து கிடக்கின்றன. ஒவ்வொரு டிஸ்கிலும் ஓர் ஆள், ஒருவனைப் போல் இன்னொருவன் இல்லை என்பதுதான் அன்றைக்கு இதன் பெருமையே.

இதில் ஒரு வம்பு இருக்கிறது. யாரோ ஏற்கெனவே ஆடிய டிஸ்கின் படிமம் கையில் கிடைத்தால், பழைய குடித்தனக்காரர் காலி செய்யாத வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த கதைதான். எனக்கு முதலில் கிடைத்தது அப்படி ஒன்று. ஆள் குடிவந்து, சாமான் வைத்து, ஜம்மென்று உட்கார்ந்திருந்தான். ஆகவே புதுப் படிமமாகப் பார்த்து எடுத்து, முதல் வேலையாக ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஆடும் கோப்பு 'ரீட் ஒன்லி'யாக இருக்கக் கூடாது. இருந்தால் அவன் வாழ்க்கை எழுதப்படாது.

வைஸ் அமைப்புகளில் 'ட்ரூ டிரைவ் எமுலேஷன்' போட்டு, படிமத்தை டிரைவ் 8-இல் சேர்த்து, ஆட்டோஸ்டார்ட் கொடுங்கள். லோட் ஆகும் வேகம் அந்தக் காலத்து வேகம். பொறுமை இல்லையென்றால் ஆல்ட்டும் டபிள்யூவும் சேர்த்து அழுத்தினால் வார்ப், அதாவது அதிவேக ஓட்டம், வரும். வீடு தெரிந்ததும் மறக்காமல் வார்ப்பை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் நீங்கள் டீ போட்டு வருவதற்குள் அங்கே பல வேளை பட்டினி கிடப்பான்.

முதலில் வீடு காலியாக இருக்கும். கெட்டுப்போச்சு என்று மூடிவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் ஆள் குடிவருவான்.

இனிதான் என்னைக் கவிழ்த்த இடம். அவனுக்குத் தண்ணீர் நிரப்ப கன்ட்ரோலும் டபிள்யூவும். பழைய குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இடது கன்ட்ரோல், வலது கன்ட்ரோல், இரண்டும் சேர்த்து, கீபோர்டை மாற்றி, எல்லாம் பார்த்தாயிற்று. அக்கா மகன், "மாமா, அவனுக்கு மூஞ்சி வாடிப் போச்சு மாமா" என்று நேரலை வர்ணனை வேறு.

விஷயம் இதுதான். வைஸில் கமடோரின் கன்ட்ரோல் விசை நம் கீபோர்டில் டேப் (Tab) விசைக்குப் போய்விட்டது. நம் இடது கன்ட்ரோலோ, கமடோர் சின்னம் போட்ட விசையாக வேலை செய்கிறது. ஆகவே டேப்பைப் பிடித்துக்கொண்டு டபிள்யூ தட்டினால் தண்ணீர், எஃப் தட்டினால் சாப்பாடு, டி (D) நாய்க்குத் தீனி, பி (B) என்றால் புத்தகம், ஆர் என்றால் இசைத்தட்டு. இந்த ஒரு வரி எனக்கு இரண்டு ராத்திரி.

மற்றபடி ஆங்கிலத்தில் வாக்கியமாகத் தட்டியும் கேட்கலாம், பியானோ வாசி என்கிற மாதிரி. முன்னால் 'ப்ளீஸ்' போடுங்கள். அதிகாரமாகச் சொன்னால் துரைக்குப் பிடிக்காது. அவனாகவே சீட்டாடக் கூப்பிடுவான், டைப்ரைட்டரில் உட்கார்ந்து உங்களுக்குக் கடிதமும் அடிப்பான். இதை முழுத்திரையில் வைத்து முறைத்துக்கொண்டிருந்தால் பத்து நிமிஷத்தில் சலித்துவிடும். ஓரத்தில் சின்ன ஜன்னலாக ஓடவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள், அப்போதுதான் சுகம். ஜிஎஸ்டி கணக்கு போட்டுக்கொண்டே நான் அவனுக்குச் சோறு போடுகிறேன்.

பின்சேர்க்கை: டேப்பும் வேலை செய்யவில்லை, எந்த எழுத்துமே விழவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு நாள் முன்னும் பின்னும் பேசிய பிறகுதான் பிடிபட்டது: அவர் விண்டோஸில் தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தது. வைஸுக்கு 'ட' புரியாது. ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு ஆடுங்கள்.

இன்னொன்று: நேற்று வளர்த்தவன் இன்று இல்லை என்றவருக்கு. படிமம் ஜிப் கோப்புக்குள்ளேயே இருந்திருக்கும். வெளியே பிரித்து வைத்து, அதைச் சேருங்கள்.