"500 பேர் ஒரு பேரரசையே கவிழ்த்தார்கள்" என்ற கதையைச் சோதிப்பது எப்படி?

கோர்த்தேஸ் என்ற ஸ்பானியர் 500 ஆட்களோடும் 16 குதிரைகளோடும் போய் மெக்சிகோவின் ஆஸ்டெக் பேரரசைப் பிடித்தார், அங்கிருந்தவர்கள் அவரைக் கடவுள் என்று நம்பிவிட்டார்கள் என்று யூடியூபில் யாராவது சொன்னால், உடனே ஷேர் பண்ணாதீர்கள்.

முதலில் தலையை எண்ணுங்கள், இரண்டு பக்கமும். 1519இல் கரையிறங்கியவர்கள் ஏறக்குறைய 500 பேர்தான், ஆனால் 1521இல் தலைநகர் தெனோச்தித்லானை முற்றுகையிட்ட படையில் பெரும்பாலானோர் உள்ளூர்க்காரர்கள். ஆஸ்டெக்குகளோடு பழைய பகை வைத்திருந்த த்லஷ்காலாவிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் பல்லாயிரம் பேர் வந்திருந்தார்கள். நகரமோ ஏரிக்கு நடுவில். அதனால் 13 போர்ப்படகுகளுக்கான மரத்தை த்லஷ்காலாவில் அறுத்துச் செதுக்கி, பாகம் பாகமாக மலை தாண்டித் தூக்கிவந்து, தெஷ்கோகோ ஏரிக்கரையில் பூட்டி இறக்கினார்கள். தூக்கியது த்லஷ்காலா ஆட்கள், பெயர் மட்டும் கோர்த்தேஸுக்கு.

இதைச் சொன்னதும் "எல்லாம் பெரியம்மை செய்த வேலை" என்று அடுத்த கோடிக்குத் தாவுவார்கள். 1520இல் அம்மை தலைநகரைச் சூறையாடியது உண்மை, புது அரசர் குயித்லாவாக்கே அதில் செத்தார். ஆனால் கூட்டாளி ஊர்களையும் அது விட்டுவைக்கவில்லையே.

அப்புறம், அந்தக் கடவுள் சமாச்சாரம். ஒரு செய்தியை முதலில் எழுதியது யார், எப்போது, யாருக்கு என்று கேளுங்கள். கோர்த்தேஸ் ஸ்பெயின் அரசருக்கு எழுதிய கடிதங்களில் கெட்சால்கோவாத்ல் என்ற கடவுளின் பெயரே கிடையாது. கோர்த்தேஸ்தான் அந்தக் கடவுள் என்ற இணைப்பு பிறகு வந்த எழுத்துகளில்தான் முளைத்து வளர்கிறது. அந்தக் கடிதங்களையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கியூபா ஆளுநரின் உத்தரவை மீறிக் கிளம்பிய மனிதர் அவர், அரசரிடம் தன்னை நியாயப்படுத்தியே ஆகவேண்டிய நிலை. அப்படிப்பட்டவர் கூட்டாளிகளின் பங்கை எவ்வளவு பெரிதாகச் சொல்லியிருப்பார்?

மறுபக்கம் பார்க்க 'லியென்ஸோ தெ த்லஷ்காலா' என்று தேடுங்கள். 1550களில் த்லஷ்காலாக்காரர்கள் துணியில் வரைய வைத்த சித்திரங்கள். அசல் தொலைந்துவிட்டது, பிரதிகள் இருக்கின்றன. சண்டைக் காட்சிகளில் அவர்களுடைய வீரர்கள் ஸ்பானியர்களுக்குச் சமமாக முன்னால் நிற்பார்கள். அவர்களும் அரசரிடம் சலுகை கேட்டவர்கள்தான், ஆகவே அதையும் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

கடைசியாக, ஸ்பானியர் அந்தப் பகுதியைப் பிடித்து முடித்த தேதியைப் பாருங்கள். 1521இல் விழுந்தது ஒரு தலைநகரம். இன்றைய குவாத்தமாலாவிலிருந்த இட்சா மாயா மக்களின் தலைநகர் நோஹ்பெத்தேன் ஸ்பானியர் கைக்குப் போனது 1697இல்.